டச்பேட் அழுந்தாமல் போனபோதே புரிந்திருக்க வேண்டும்

முதலில் தகராறு செய்தது டச்பேட்தான். இடது மூலையில் அழுத்தினால் வழக்கமாகக் கேட்கும் ‘டக்’ சத்தம் ஒருநாள் கேட்கவில்லை. விரல் கல்லின் மேல் பட்டது போல இருந்தது. தூசி புகுந்திருக்கும் என்று நினைத்து ஓரங்களைத் துடைத்தேன், கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன், சரியாகவில்லை. அப்புறம் ஒரு மவுஸ் வாங்கி மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் மட்டும் அழுந்தியது. மூடியை மூடினால் முன்பக்கம் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. சமமான மேசையில் வைத்தாலும் லேப்டாப் ஆடியது. மடித்த காகிதம் ஒன்றை அடியில் செருகி ஆட்டத்தை நிறுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேனே தவிர, நான்கும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளே பேட்டரி உப்பி, மேலே டச்பேடையும் கீழே அடித்தட்டையும் தள்ளிக்கொண்டிருந்தது. அன்றைக்கு இதைச் சொல்ல என் பக்கத்தில் யாரும் இல்லை. உங்கள் லேப்டாப்பில் இந்த நான்கில் ஒன்று தெரிந்தாலும் சரி, முதலில் சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்வது என் தொழில். காலையில் திறக்கும் லேப்டாப்பை இரவில்தான் மூடுவேன். சார்ஜர் எப்போதும் மாட்டியே இருக்கும், இரவிலும் கழற்ற மாட்டேன். பல நாள் வேலை கட்டிலில்தான் நடக்கும். மெத்தைமேல் வைத்தால் அடியில் இருக்கும் காற்றுத்துளைகள் அடைபடும், லேப்டாப் தொடை சுடும் அளவுக்குக் கொதிக்கும். கணினி என்றால் சுடத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். பேட்டரியைப் பயன்படுத்தாமல் நேரடி மின்சாரத்தில் ஓட்டுவதால் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்றுகூட மனதாரவே நம்பியிருந்தேன். இரண்டு வருடம் இப்படியே போனது.

டச்பேட் இறுகி ஐந்தாவது வாரம் ஓர் இரவு, எழுந்திருக்கும்போது என் கால் பட்டு சார்ஜர் கழன்றுவிட்டது. திரையில் 100 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்தது, அதனால் பதறவில்லை. மீண்டும் மாட்டக் குனிவதற்குள் திரை கருப்பாகிவிட்டது. திரும்ப ஆன் செய்து பார்த்தால் திறந்திருந்த கோப்பு கெட்டுப்போயிருந்தது. கைவசம் இருந்த நகல் மூன்று நாள் பழையது. 240 பக்கப் புத்தகம், ஆசிரியரின் திருத்தங்கள் எல்லாம் அந்த மூன்று நாளில்தான் போட்டிருந்தேன். மறுபடி உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டு, சொன்ன தேதிக்கு நான்கு நாள் தள்ளிக் கொடுத்தேன். அவர்கள் திட்டவில்லை. ஆனால் அடுத்த புத்தகம் எனக்கு வரவில்லை. அந்த வாரம் முழுக்க சரியாகத் தூங்காமல், என் கவனக்குறைவுதான் காரணம் என்று எண்ணி எண்ணி மருகினேன். கவனக்குறைவு உண்மைதான். ஆனால் அதைவிட அறியாமைதான் அதிகம் என்று இப்போது சொல்வேன்.

பழுதுபார்ப்பவரிடம் எடுத்துப் போனபோது அவர் திறப்பதற்கு முன்பே, லேப்டாப்பைக் கவிழ்த்து அடித்தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இதை எவ்வளவு நாளா சார்ஜ்லயே போட்டு வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தியதும் அடித்தட்டு தானாக மேலே எழும்பியது. உள்ளே பேட்டரியின் மூன்று செல்கள், பிஸ்கட் போலத் தட்டையாக இருக்க வேண்டியவை, குட்டித் தலையணை மாதிரி உப்பியிருந்தன. “டச்பேடை அழுத்தி அழுத்திப் பாத்தீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. உப்பிய செல்லைக் குத்தினாலோ, வளைத்தாலோ, அழுத்தினாலோ உள்ளே இரண்டு முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய படலம் கிழிந்து ஷார்ட் ஆகிவிடும். உள்ளே இருக்கும் திரவம் எளிதில் தீப்பிடிக்கக்கூடிய கரிமக் கரைப்பான். ஒரு செல் பற்றினால் அந்தச் சூடே பக்கத்து செல்லையும் பற்ற வைக்கும். அந்த லேப்டாப்பை ஐந்து வாரம் தலைமாட்டில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் எந்த வேலையும் ஓடவில்லை.

ஆகவே உப்பல் தெரிந்தால் சார்ஜ் போடாதீர்கள், ஒருமுறைகூட வேண்டாம். அமுக்கித் தட்டையாக்கப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று சொல்பவரை நம்பவே நம்பாதீர்கள். துணி, காகிதம், மெத்தை இல்லாத இடத்தில், சிமெண்ட் தரை போல எரியாத பரப்பில் வைத்துவிட்டு, கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கேயும் தீதான். முனைகளில் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்ப்பதுதான் சரி.

அதற்கப்புறம்தான் இந்த பேட்டரி உள்ளே என்ன செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். நம் போன், லேப்டாப், இயர்போன் எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம் அயான் வகை. ஒரு செல் காலியாகும்போது ஏறத்தாழ 3 வோல்ட், நிரம்பும்போது பெரும்பாலானவற்றில் 4.2 வோல்ட், சிலவற்றில் அதைவிடச் சற்று அதிகம். 4.2-ஐ ஒட்டி நிற்கும்போது செல்லுக்குள் வேண்டாத வேதிவினைகள் வேகமாக நடக்கின்றன. திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது, அதிலிருந்து வாயு உண்டாகிறது, அந்த வாயுதான் உப்பல். சூடு சேர்ந்தால் எல்லாமே துரிதமாகும். நீங்கள் பேட்டரியைத் தொடவே இல்லை என்றாலும் இது நடக்கும். நான் மிச்சப்படுத்துகிறேன் என்று நினைத்த இரண்டு வருடமும் பேட்டரி 100 சதவீதத்தில், கொதிக்கும் சூட்டில் நின்றுகொண்டிருந்தது. ஒரு கணக்கைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கியது. 25 டிகிரி வெப்பத்தில் 40 சதவீத சார்ஜோடு ஒரு வருடம் வைத்தால் கொள்ளளவில் சுமார் 96 சதவீதம் மிஞ்சும். அதே பேட்டரியை 40 டிகிரியில் முழு சார்ஜோடு வைத்தால் மிஞ்சுவது சுமார் 65 சதவீதம். இது சும்மா வைத்திருந்தால் வரும் இழப்பு. என் லேப்டாப் வேலையும் செய்துகொண்டு அந்தச் சூட்டில் இருந்தது.

இதற்கு மருந்து என் லேப்டாப்பிலேயே இருந்தது என்பதுதான் இன்னும் ஆறாத விஷயம். இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி உண்டு. சிலவற்றில் 60 வரைகூட வைக்கலாம். தயாரிப்பாளரின் செயலியிலோ, கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய பயோஸ் அமைப்பிலோ இருக்கும். போன்களிலும் வந்துவிட்டது. ஐபோனில் 2019-இல் ஐஓஎஸ் 13 வந்ததிலிருந்து, நாம் எழும் நேரத்தைக் கற்றுக்கொண்டு 80-இல் காத்திருந்து கடைசியில் நிரப்பும் வசதி இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி பாதுகாப்பு என்ற பெயரில் 80 அல்லது 85 வரம்பு இருக்கும். இதை ஆன் செய்ய எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. மேசையிலேயே வேலை செய்கிறவர்கள் இந்தப் பத்தியைப் படித்து முடித்ததும் அதைச் செய்துவிடுங்கள். பயணம் போகும் நாளில் மட்டும் 100 வரை ஏற்றிக்கொள்ளலாம், அதில் ஒன்றும் கெட்டுவிடாது. 100-ஐத் தொடுவதைவிட, 100-இலேயே நாள்கணக்கில் சூட்டில் நிற்பதுதான் பெரிய கேடு.

100 சதவீதம் காட்டிய பேட்டரி ஏன் கண்ணிமைக்கும் நேரத்தில் செத்தது என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. வயதான செல்லில் உள்தடை, அதாவது மின்சாரம் ஓடுவதை உள்ளேயே தடுக்கும் தன்மை, கூடியிருக்கும். சார்ஜர் போனதும் முழுச் சுமையும் பேட்டரி மேல் விழ, வோல்ட்டேஜ் ஒரேயடியாகச் சரிந்து லேப்டாப் அணைந்துவிடும். தவிர, திரையில் காட்டும் சதவீதம் இன்றைக்கு மிஞ்சியிருக்கும் கொள்ளளவில் எவ்வளவு என்பதுதான், வாங்கிய அன்றைக்கு இருந்ததில் அல்ல. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ‘powercfg /batteryreport’ என்று தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழு சார்ஜ் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். என்னுடையதில் முதலாவது 50,000 மில்லிவாட் மணி, இரண்டாவது 27,400. ஏறக்குறைய பாதி போய்விட்டது, எனக்குத் தெரியவே இல்லை. மேக்புக்கில் சிஸ்டம் ரிப்போர்ட்டில் பவர் என்ற பகுதிக்குப் போனால் சைக்கிள் எண்ணிக்கையும் தெரியும். சைக்கிள் என்றால் எத்தனை முறை சார்ஜரை மாட்டினோம் என்பதல்ல. இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சைக்கிள். ஆகவே அடிக்கடி மாட்டிக் கழற்றினால் ஆயுள் குறையும் என்று பயப்பட வேண்டாம்.

அடுத்த தப்பு புது பேட்டரி வாங்கியதில். அவசரம், கையில் பணமும் குறைவு. இணையத்தில் தேடியதில் மலிவாக ஒன்று கிடைத்தது. என் பழைய பேட்டரியின் அதே அளவு, ஆனால் கொள்ளளவு ஒன்றரை மடங்கு என்று எழுதியிருந்தார்கள். சந்தோஷப்பட்டேன். அதே இடத்தில் அவ்வளவு அதிகம் எப்படி அடைக்க முடியும் என்று கேட்டிருக்க வேண்டும். 18650 என்ற உருளை வடிவ செல்லை எடுத்துக்கொண்டால், நல்ல தயாரிப்புகளிலேயே 3,500 மில்லிஆம்ப் மணியை ஒட்டித்தான் இருக்கும். சந்தையில் அதே செல்மேல் 9,900 என்று அச்சிட்டு விற்கிறார்கள். எனக்கு வந்த பேட்டரியின் எண்ணும் அப்படிப்பட்ட பொய்தான். மூன்றாவது மாதம் 40 சதவீதத்தில் அணைந்தது, நான்காவது மாதம் ஓரம் லேசாகப் புடைத்தது. இந்த முறை அடையாளம் தெரிந்ததால் அன்றைக்கே கழற்ற வைத்தேன். விற்றவர் பதில் போடவில்லை. அப்புறம் தயாரிப்பாளர் அங்கீகரித்த பேட்டரியையே வாங்கினேன். அதிலும் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். மூன்று வருடம் கிடங்கில் கிடந்த ‘புது’ பேட்டரி, வெளியே வரும்போதே வயதானதாகத்தான் இருக்கும். இடையில் சமாளிக்க வாங்கிய பவர் பேங்க் தனி நஷ்டம். என் லேப்டாப்புக்கு 65 வாட் வேண்டும், அது தருவதோ 18 வாட். போனுக்கு மட்டும்தான் உதவியது. அதிலும் 10,000 மில்லிஆம்ப் மணி என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டாக மாற்றும்போது அது 7,400 ஆகிவிடும், மாற்றத்தில் வீணாவது தனி. மவுஸ், பவர் பேங்க், இரண்டு பேட்டரி, அழுத்தத்தில் விரிசல் விட்ட டச்பேட் எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ என் ஒரு மாத வருமானம். கைநழுவிப் போன அடுத்த புத்தகத்தின் கூலி அந்தக் கணக்கில் சேரவில்லை.

போன் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நான் மிகவும் பயந்தேன். ‘சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும், புது போனை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜில் வைக்க வேண்டும்’ என்று அப்பா சொல்வார். அவர் பயன்படுத்திய காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்கு அது பொருந்தும். பாதியில் சார்ஜ் போட்டுப் பழக்கினால் அவை அந்தப் பாதியையே முழு அளவாகக் கொண்டுவிடும் குணம் உடையவை. 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயானுக்கு அந்தக் குணம் பெயருக்குக்கூட இல்லை என்று சொல்லலாம். இதற்கு நேர்மாறாகத்தான் நடத்த வேண்டும். 20-க்குக் கீழே இறங்கவிடாமல், 80 வாக்கில் நிறுத்தினால் நீண்ட நாள் வரும். நான் அப்பா சொன்னதை வேதவாக்காகப் பிடித்து, தினமும் போன் தானாக அணையும் வரை விட்டுத்தான் சார்ஜ் போட்டேன். ஒன்றரை வருடத்தில் மதியமே சார்ஜ் தேட வேண்டியதாயிற்று. எப்போதாவது ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றினால் சதவீதக் காட்டி சரியாகக் கணக்கிடப் பழகும், அவ்வளவுதான். பேட்டரிக்கு அதனால் பலம் கூடாது.

சூட்டைப் பொறுத்தவரை போனுக்கும் அதே விதிதான். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது விளையாட்டோ வீடியோ காலோ ஓடினால் இரண்டு சூடும் சேரும். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். வயர்லெஸ் சார்ஜிங் வசதிதான், ஆனால் கேபிளைவிடச் சூடு கூடுதல். போன் சுட்டால் கவரைக் கழற்றிவிட்டு சார்ஜ் போடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்விக்கலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். உறைகுளிரில் சார்ஜ் போடுவதும் கெடுதல். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் உள்ளே புகாமல் உலோகமாக மேலே படியும். அப்படிப் படிந்தது திரும்பாது. கடைசி 20 சதவீதம் ஏற மட்டும் ஏன் இவ்வளவு நேரம் என்று எரிச்சல் வந்தால், அது சார்ஜரின் குறை இல்லை. செல் நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போவதுதான் பாதுகாப்பு. அதற்காகக் காத்திருக்காமல் 80-இல் கழற்றிக்கொண்டு கிளம்பிவிடுவது என் பழக்கம் இப்போது.

அப்பா இறந்தபின் அவருடைய போனை அணைத்து அலமாரி டிராயரில் வைத்தேன். அப்போது அதில் 3 சதவீதமோ 4 சதவீதமோ இருந்திருக்கும். கவனிக்கும் மனநிலை இல்லை. அதில் அவர் அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தன, வேறெங்கும் நகல் இல்லை. பதினான்கு மாதம் கழித்து, லேப்டாப் அமளியெல்லாம் ஓய்ந்த பிறகு, எடுத்து சார்ஜ் போட்டேன். அசையவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், வேறு சார்ஜர், வேறு கேபிள். திரையில் ஒரு கோடுகூட வரவில்லை. அணைத்து வைத்தாலும் பேட்டரி மெல்ல மெல்லத் தானாக இறங்கிக்கொண்டுதான் இருக்கும், அதோடு உள்ளே இருக்கும் பாதுகாப்பு மின்சுற்றும் துளித்துளியாக மின்சாரம் எடுக்கும். 3 சதவீதத்தில் தொடங்கினால் கொஞ்ச காலத்தில் அபாய எல்லைக்குக் கீழே போய்விடும். அங்கே செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும், பிறகு வலுக்கட்டாயமாக சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. பாதுகாப்பு மின்சுற்று சார்ஜை ஏற்க மறுத்தது நம் நன்மைக்காகத்தான். அது அப்போது எனக்குத் தெரியாது, அன்றிரவு முழுக்க அந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அதே பழுதுபார்ப்பவர்தான் நம்பிக்கை கொடுத்தார். “பேட்டரிதான் போயிருக்கு. மெமரி தனி சிப், அதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது” என்றார். ஆனால் அந்த மாடல் நின்றுபோய் வருடங்கள் ஆகிவிட்டதால் பேட்டரி கிடைக்க மூன்று வாரம் ஆனது. மாட்டி ஆன் செய்ததும் 41 பதிவுகளும் இருந்தன. அவற்றில் ஒன்று பதினோரு நொடிதான்: மழை வர மாதிரி இருக்கு, மொட்டை மாடியில துணி கிடக்கு, எடுத்துடு.

எல்லாவற்றையும் அன்றே மூன்று இடத்தில் நகல் எடுத்தேன். போனை 50 சதவீதம் வரை சார்ஜ் ஏற்றி, அணைத்து, வெயில் படாத அதே டிராயரில் வைத்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி பாதி வரை ஏற்றி வைக்கிறேன். அடுத்து எடுக்க வேண்டிய தேதி, போனின் பின்பக்கத்தில் ஒட்டிய துண்டுச்சீட்டில் எழுதியிருக்கிறது.